காயலான் கடைக்குப் போகவேண்டிய ஐபீஸ் எது, போகக்கூடாதது எது?

18.01.2025, திருத்துறைப்பூண்டி வாசகரின் கேள்வி

கூத்தாநல்லூரில் மாமனார் வீட்டுப் பரணில் ஒரு ஜப்பான் தொலைநோக்கி கிடைத்தது. 60 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தூரம். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்ததாம். கூடவே ஹெச்20, ஹெச்12.5, எஸ்ஆர்4 என்று மூன்று ஐபீஸ் (கண் வைக்கும் பக்கத்தில் செருகும் வில்லைக்குழல்), ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லை. சுக்கிரனும் சனியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதே என்று ஆசையாக எஸ்ஆர்4-ஐப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பழைய ஐபீஸ் எல்லாம் அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ப்ளாசல் என்கிற இன்றைய வகை ஐபீஸ் ஒன்று வாங்கலாமா?

18.01.2025, இரவு

ஐபீஸ் இருக்கட்டும். முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுங்கள். விளிம்பில் ஆங்கிலத்தில் 'சன்' என்று பொறித்திருக்கும். ஐபீஸின் அடியில் திருகி, சூரியனை நேராகப் பார்க்கக் கொடுத்தது. அது உட்காரும் இடம் வெயில் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில். சூடேறி எந்த நொடியிலும் விரிசல் விடும், அந்த நொடியில் உங்கள் கண் மறுமுனையில் இருக்கும். துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பழம்பொருள் என்று பத்திரப்படுத்தவும் வேண்டாம், நாளைக்கு வீட்டுப் பிள்ளைகள் எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

19.01.2025

உங்கள் முடிவு எஸ்ஆர்4-ஐ மட்டும் வைத்து எடுத்த முடிவு. எழுத்துக்குப் பின்னால் உள்ள எண் ஐபீஸின் குவியத்தூரம், மி.மீ. கணக்கில். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175 மடங்கு. 60 மி.மீ. தொலைநோக்கி நல்ல வானத்தில் தாங்குவது 120 மடங்கு வரை. அதற்கு மேல் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது, இருட்டும். ஐபீஸை விட்டு வெளிவரும் ஒளிக்கற்றை மூன்றில் ஒரு மி.மீ. அளவுதான், உங்கள் விழித்திரவத்தில் மிதக்கும் தூசியெல்லாம் நிழலாகத் தெரியும். இமை மயிர் கண்ணாடியில் உரசாமல் பார்க்கவும் முடியாது. பெட்டியின் மேல் பெரிய எண்ணை அச்சடித்து விற்பதற்காகச் சேர்த்த ஐபீஸ் அது.

ஹெச்20-ஐப் போடுங்கள். 35 மடங்கு. வியாழன் இப்போது ரோகிணிப் பக்கம் உச்சியில் நிற்கிறது, நான்கு நிலாக்களும் ஊசி முனையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பிரச்சினை ஐபீஸில் இல்லை, முன் வில்லையில்.

20.01.2025

தெரிந்ததா? சரி. ஹெச்12.5-இல் 56 மடங்கு. செவ்வாயை அதில் பாருங்கள், 16-ஆம் தேதிதான் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. சின்ன ஆரஞ்சு வட்டுதான் தெரியும். எல்லாக் கோளும் வரிசையில் நிற்கும் அதிசயம் என்று தொலைக்காட்சியில் காட்டுகிற படத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

02.02.2025

மன்னார்குடி நண்பர் ஒருவர் கேட்கிறார்: "ஹைகன்ஸ் குப்பை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?"

தூக்கிப் பிடிக்கவில்லை. எதில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஐபீஸில் ஹெச் என்று போட்டிருப்பதுதான் ஹைகன்ஸ். இரண்டே இரண்டு ஒற்றை வில்லை, இரண்டின் குவிந்த முகமும் முன் வில்லையைப் பார்த்திருக்கும். 1660-களில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் செய்தது. அன்றைய தொலைநோக்கிகள் குழாயே இல்லாமல் கயிற்றில் கட்டும் அளவுக்கு நீளம். குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் எக்கச்சக்கம். அப்படிப்பட்ட குறுகலான ஒளிக்கூம்புக்கு இரண்டு வில்லையே போதும். உங்கள் 60/700-இல் அந்த எண் 11.7, அதிலும் தாக்குப்பிடிக்கும். என்னிடம் உள்ள 150/750 நியூட்டோனியனில், அதாவது முன் வில்லைக்குப் பதில் குழியாடி உள்ள தொலைநோக்கியில், எண் 5. அதில் இதே ஹெச்20-ஐப் போட்டால் நடுவில் மட்டும் நட்சத்திரம், ஓரத்துக்குப் போகப்போகச் சோற்றுப் பருக்கையாக நீளும்.

கும்பகோணத்தில் நாங்கள் நாலைந்து பேர் மொட்டைமாடியில் கூடும்போது இந்தச் சண்டை வரும். நீளக் குழாய்க்காரர் பழையதைப் புகழ்வார், குட்டைக் குழாய்க்காரர் திட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம், அவரவர் குழாயில்.

03.02.2025

கைக்கு வரும் பழைய ஐபீஸ் எது என்று கண்டுபிடிக்க எழுத்தைப் பாருங்கள். ஹெச் அல்லது ஹெச்எம் என்றால் ஹைகன்ஸ் குடும்பம். ஆர், எஸ்ஆர் என்றால் ராம்ஸ்டன். கே, கேஇ என்றால் கெல்னர். ஓஆர் இருந்தால் ஆர்த்தோ, கோள் பார்ப்பதற்குப் பேர்போன வகை, உடனே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் டியூப்லைட் அடியில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடியில் விழும் பிம்பம் பளீர் வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லாத கண்ணாடி, நீலமோ ஊதாவோ அடித்தால் பூச்சு உண்டு. பூச்சு இல்லாத ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஹைகன்ஸுக்கு நான்கு முகம், ஆக 15 சதவீதம் போச்சு. நிலாவுக்கும் வியாழனுக்கும் இது பெரிய நஷ்டம் இல்லை. பூச்சு வித்தையை ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா கண்டுபிடித்தது 1935-இல், அதற்கு முந்திய கண்ணாடி எல்லாம் வெள்ளைப் பிம்பம்தான்.

16.02.2025

அடாப்டர் கேள்வி நிறைய. பழைய ஜப்பான் ஐபீஸின் கழுத்து 24.5 மி.மீ., இன்றைய குழாயின் துளை 31.7 மி.மீ. இடைவெளியை அடைக்க அடாப்டர் விற்கிறார்கள். ஆனால் பம்புசெட் இருக்கும் ஊரில் அதற்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. 32 மி.மீ. பிவிசி குழாயில் இரண்டு அங்குலம் அறுத்து, வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேயுங்கள், ஃபோகஸரில் (ஐபீஸ் செருகும் குழாயில்) வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஐபீஸ் ஆடும். அதன் கழுத்தில் மின்காப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். உள்பக்கம் கறுப்பு மேட் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள், வெள்ளைக் குழாய் நிலா வெளிச்சத்தில் உள்ளுக்குள்ளே பளபளக்கும்.

பழைய ஸ்டூடியோக்காரர் யாராவது தெரிந்தால் 35 மி.மீ. ஃபிலிம் டப்பா கேட்டு வாங்குங்கள். அந்த டப்பா 31.7 துளையில் அளவெடுத்த மாதிரி உட்காரும். அடியில் ஓட்டை போட்டால் அடாப்டர், மூடியோடு விட்டால் தூசி மூடி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் மட்டும் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக் கடையும் பட்டறையில் பித்தளையில் ஒன்று கடைந்து வாங்கினேன். அளவைச் சொன்னதும் பட்டறைக்காரர், "இதுக்கு எந்த சாமிங்க?" என்றார். காலிப்பர் வைத்து அளந்தால் முடி அளவுகூடப் பிசகவில்லை. குத்துவிளக்கின் தண்டும் தட்டும் மாட்டும் திருகை நாள் முழுக்கக் கடைகிற கை.

17.02.2025

பித்தளை என்றதும் ஞாபகம் வந்தது. பழைய பித்தளை ஐபீஸ் கிடைத்தால் வீட்டில் யார் கையிலும் கொடுக்காதீர்கள். புளி போட்டு விளக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது. பழைய லாக்கர் பூச்சு ஒரு தேய்ப்பில் போனது. அதைவிட மோசம், புளித்தண்ணீர் திருகு இடுக்கு வழியாக உள்ளே இறங்கி இரண்டு வில்லைக்கும் நடுவில் பச்சையாகப் படிந்தது. வெளியே தகதகவென்று மின்னியது, உள்ளே பார்த்தால் குளத்துப் பாசி.

09.03.2025

திருவாரூர் ஆசிரியை கேட்டது: காயலான் கடையில் டம்பி லெவலும் தியோடலைட்டும் கிடக்கின்றன, அவற்றின் ஐபீஸ் தேறுமா?

தேறும். நில அளவைக் கருவியின் ஐபீஸ் பெரும்பாலும் ராம்ஸ்டன் வகை அல்லது அதன் வாரிசு. ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1782-இல் செய்தது. இரண்டு வில்லையின் குவிந்த முகங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். ஹைகன்ஸில் பிம்பம் இரண்டு வில்லைக்கும் நடுவே விழும். ராம்ஸ்டனில் கண்ணாடிக்கு முன்னால், வெளியே விழும். குறுக்குக் கம்பியை அங்கே வைக்கலாம் என்பதால்தான் அளவைக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டார்கள். இதே காரணத்தால் ஐபீஸின் முன் கண்ணாடியில் உட்காரும் தூசி நிலாவின் மேல் பாறாங்கல் மாதிரித் தெரியும். ராம்ஸ்டன் வைத்திருப்பவர் துடைத்தே கை ஓய்வார்.

அளவைக் கருவி என்றால் தஞ்சாவூரைச் சொல்லாமல் போக முடியாது. 1808-இல், இந்தியாவை முக்கோணங்களாக அளந்த பெரிய நில அளவையின் தலைவர் லாம்ப்டனின் ஆட்கள் பெரிய கோயிலில் தங்கள் பெரிய தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். டெல்டாவில் குன்று ஏது, சுற்றிலும் தென்னை. கோபுரத்தை விட்டால் தூரத்தில் பார்க்க வேறு இடம் இல்லை. லண்டனில் கேரி என்பவர் செய்த கருவி, அரை டன் எடை, கோணம் குறித்த வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். பாதியில் கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. இன்னொரு ஆள் என்றால் லண்டனுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். லாம்ப்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து, இழுத்தும் தட்டியும் அந்த வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார். அதே கருவியோடு அளவை வடக்கே போனது.

பெரிய கோயிலுக்கு வரும் கூட்டம் விமானத்தின் நிழல் தரையில் விழுமா விழாதா என்று வாதிடுகிறது. கயிறு அறுந்த கதையை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

10.03.2025

நேற்று எழுதியதில் ஆசிரியைக்குச் சேர்க்க வேண்டியது. காயலான் கடையில் கருவியாகக் கிடந்தால் முழுசாக வாங்குங்கள். ஐபீஸை மட்டும் கழற்றி வாங்கினால் மீதி உருக்கப் போய்விடும், பித்தளைக்கு அங்கே எடைதான் விலை.

29.03.2025

இன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்கிறது. இல்லை, வாக்கியப்படி அடுத்த வருஷம்தான் என்று திருநள்ளாறு கோயில் சொல்லிவிட்டது. இரண்டு தரப்புக்கும் நடுவில் எனக்குத் தொலைபேசி: "உங்க டெலஸ்கோப்பில பாத்து சொல்லுங்களேன்."

எதைப் பார்ப்பது? சனி இந்த மாதம் 12-ஆம் தேதிதான் சூரியனைத் தாண்டியது, வெளிச்சத்துக்குள் கிடக்கிறது. 23-ஆம் தேதி அதன் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது, அதையும் இங்கே யாரும் பார்க்க முடியவில்லை. வருஷக் கடைசி வரை வளையம் மெலிசாகத்தான் இருக்கும், அப்போது பேசலாம்.

11.05.2025

ஹைகன்ஸுக்கு ஏன் என் பெட்டியில் நிரந்தர இடம் என்பதற்குப் பதில் இதுதான்: சூரியன்.

பார்ப்பது இல்லை, விழவைப்பது. தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, ஐபீஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டை பிடித்தால் சூரியன் அட்டையில் விழும். 60/700-இல் ஹெச்20 போட்டு ஒரு அடி தள்ளி அட்டை பிடித்தால் 9 செ.மீ. அளவுக்குச் சூரியன். இந்த வேலைக்கு விலை உயர்ந்த ஐபீஸைப் போட்டால் ஒட்டிய வில்லைகளின் பசை வெந்துவிடும். ஹைகன்ஸில் பசையே கிடையாது, இரண்டும் தனித்தனிக் கண்ணாடி. ஆனால் உடல் பித்தளையோ அலுமினியமோ ஆக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் உடல் என்றால் உள் வளையம் உருகும், வாசனையே சொல்லிவிடும்.

விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குத் திண்ணையில் காட்டினேன். கரும்புள்ளிகள் இந்த வருஷம் நிறைய. பென்சிலால் அட்டையிலேயே குறித்துத் தேதி போட்டார்கள், மறுநாள் அதே அட்டையில் வைத்தால் புள்ளிகள் நகர்ந்திருந்தன. சூரியன் சுழல்கிறது என்பதற்கு அதற்குமேல் பாடம் வேண்டாம். பெரியவர் ஒருவர் குழாய்ப் பக்கத்திலேயே நிற்கவேண்டும், யாரும் குனிந்து கண்ணை வைத்துவிடக்கூடாது. குழாயின் மேல் இருக்கும் குட்டித் தொலைநோக்கியை, ஃபைண்டரை, முதலில் கழற்றி வையுங்கள், மூடினால் மட்டும் போதாது.

12.05.2025

"ப்ளாசலில் செய்யக்கூடாதா?" கூடாது. அதில் இருப்பது ஒட்டிய வில்லைகள், மேலே எழுதியதைப் படியுங்கள்.

22.06.2025

நுண்ணோக்கி ஐபீஸ் பற்றி. பள்ளிக்கூட ஆய்வகங்கள் கழித்துக்கட்டும் அம்பாலா நுண்ணோக்கிகள் இந்தப் பக்கம் ஏராளம். அவற்றின் ஐபீஸ் கழுத்து 23.2 மி.மீ., டேப் சுற்றினால் 24.5 துளையில் நிற்கும். 10 மடங்கு என்று போட்டிருந்தால் 25 மி.மீ. குவியத்தூரம், 5 மடங்கு என்றால் 50 மி.மீ. 250-ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். பெரும்பாலும் ஹைகன்ஸ்தான். 'காம்பன்ஸ்' என்று எழுத்து இருந்தால் மட்டும் விடுங்கள். அது நுண்ணோக்கி வில்லையின் நிறப்பிழையை எதிர்ப்பிழையால் சரிசெய்வதற்காக ஆனது, தொலைநோக்கியில் போட்டால் அந்தப் பிழை அப்படியே நம் தலையில்.

03.08.2025

ஆடிப்பெருக்கு. ஆறு நிறையத் தண்ணீர், வானம் நிறைய மேகம். எழுத ஒன்றும் இல்லை.

17.08.2025

நாகூர் நண்பர் ஒருவர் எரிமலை முகடு போலச் சரிந்த தலை உள்ள ஜப்பான் ஆர்த்தோவின் படம் அனுப்பியிருக்கிறார். வட்டத்துக்குள் டி முத்திரை. அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். விற்றால் என்ன விலை வரும் என்று கேட்கிறார். ஐயா, விற்காதீர்கள். ஏர்ன்ஸ்ட் அபே 1880-இல் போட்ட திட்டம் அது: மூன்று வில்லை ஒட்டியது ஒன்று, தனி வில்லை ஒன்று. பார்வைப்புலம் குறுகல்தான், 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கோளைப் பார்ப்பதற்கு இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்காதவர்கள் உண்டு. பொறாமையில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நண்பரின் இன்னொரு படம்: ராணுவக் கழிவில் வந்த பெரிய எர்ஃபிள் (அகலப் பார்வை ஐபீஸ் வகை), கண்ணாடி பழுப்பு மஞ்சள். இதில் கவனம். அந்தக் கால ராணுவ ஐபீஸ் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும், அந்தக் கதிரியக்கமே கண்ணாடியை மஞ்சளாக்கும். வெயிலில் வைத்தால் மஞ்சள் மெல்ல வெளுக்கும், தோரியம் எங்கேயும் போகாது. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் அதே தோரியம்தான். கண்ணில் ஒட்டி மணிக்கணக்கில் பார்க்கிற பொருள் என்பதால் நான் அதை அலமாரியில்தான் வைப்பேன்.

08.09.2025, விடியலில்

நேற்று இரவு முழு நிலா மறைப்பு. 11.01-க்கு முழுசாக மூழ்கி 12.23-க்கு வெளியே வரத் தொடங்கியது. மேகம் விட்டுவிட்டு வந்தது. மாடியில் இருந்த எல்லா ஐபீஸையும் மாற்றி மாற்றிப் போட ஒரு சாக்கு.

என் கெல்னர் 18-இல் முழு நிலா இருந்தவரை ஆவி நடமாட்டம். நிலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான நிலா எதிர்த்திசையில் நகரும். பூச்சு இல்லாத கெல்னருக்கே உரிய நோய் இது, பளீரென்ற பொருளைப் பார்த்தால்தான் வரும். நிலா செம்பு நிறமாகி மங்கியதும் ஆவி போன இடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "கிரகணத்துல பேய் வரும்பாங்க, உங்க குழாய்ல கிரகணத்துலதான் போகுது" என்றார்.

கெல்னரைக் குறை சொல்ல எழுதவில்லை. கார்ல் கெல்னர் 1849-இல் ராம்ஸ்டனின் கண்பக்க வில்லையை மட்டும் ஒட்டு வில்லையாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் நிறப்பிழை பெருமளவு அடங்கியது. வெட்ஸ்லாரில் அவர் தொடங்கிய பட்டறைதான் பின்னால் லைட்ஸ் ஆகி, லைகா கேமராவாக வளர்ந்தது. பழையதில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள் என்றால் நான் எடுப்பது 18 அல்லது 25 கெல்னர். ஹைகன்ஸைவிட அகலப் பார்வை, ஆர்த்தோவைவிட மலிவு, ஆவியோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

26.10.2025

மழை பிடித்துவிட்டது. இனி மூன்று மாதம் நம் ஊரில் ஐபீஸின் எதிரி பூஞ்சைதான். ஹைகன்ஸா ஆர்த்தோவா என்று இத்தனை மாதம் பேசியதைவிட இதுதான் முக்கியம். டெல்டாவில் பழைய ஐபீஸ் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்.

டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். மரக்கிளை மாதிரி, சிலந்தி நூல் மாதிரிப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்திலிருந்து எண்ணெய்த் துளி போல வானவில் நிறத்தில் உள்ளே வந்தால் அது பூஞ்சை இல்லை, பழைய கனடா பால்சம் பசை விடுவது. முதலாவதைத் துடைக்கலாம், இரண்டாவதில் கை வைக்காதீர்கள். குறிப்பாக அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பசை கரைந்து இரண்டு வில்லையும் தனித்தனியாகக் கையில் வரும்.

பூஞ்சை புதிதாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அமோனியாவும் சமமாகக் கலந்து பஞ்சில் தொட்டு, காற்றாட உட்கார்ந்து துடைக்கலாம். ஒட்டாத தனி வில்லைக்கு மட்டும். கண்ணாடியை அரித்துவிட்டிருந்தால் தடம் நிற்கும். அப்படி லேசான தடம் உள்ள ஐபீஸிலும் வியாழனின் பட்டைகள் தெரியும், தூக்கிப் போட அவசரம் வேண்டாம். வில்லையைக் கழற்றும் முன் எந்த முகம் எந்தப் பக்கம் என்று பென்சிலால் விளிம்பில் அம்புக்குறி போடுங்கள். ஹைகன்ஸில் ஒரு வில்லை திரும்பி உட்கார்ந்தாலும் போச்சு.

அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அரிசி ஈரத்தை இழுக்கும்தான். நம் வீட்டு அரிசியில் மாவுத்தூளும் வண்டும் இலவசம். காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 60 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாதீர்கள், பூஞ்சை அதற்கு மேல்தான் துள்ளும். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஜெல்லைப் பழைய வாணலியில் மெதுவாக வறுங்கள், நீலம் திரும்பும். அந்த வாணலி சமையலுக்குத் திரும்பக்கூடாது. அப்புறம் தோல் உறை, வெல்வெட் பெட்டி இவற்றையெல்லாம் தனியாகப் பிரித்து வையுங்கள். பூஞ்சை குடியிருப்பதே அவற்றில்தான்.

27.10.2025

ஈரம் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுவதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலை. வேதாரண்யம் பக்கத்து உறவினர் வீட்டில் ஓடு பறந்தது. அங்கே கொடுத்துவைத்திருந்த என் பெட்டி மழையில் ஊறிக் கிடந்தது. தென்னையெல்லாம் சாய்ந்து கிடக்கும்போது ஐபீஸ் ஞாபகம் யாருக்கு வரும்? பிறகு திறந்தபோது ஒட்டு வில்லைகள் எல்லாம் பால் வெள்ளை. பிழைத்தவை ஹைகன்ஸ் இரண்டும் ஒரு ராம்ஸ்டனும். பசை இல்லாதவை. கழற்றி, காயவைத்து, துடைத்து மாட்டினேன், இன்றும் ஓடுகின்றன.

மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் வானம் அத்தனை இருட்டு. பால்வீதி அப்படித் தெரிந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தார்ப்பாய் வாங்க வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

23.11.2025

மழை இடைவெளியில் சனி. வளையம் இப்போது கோளின் இரண்டு பக்கமும் குத்திய ஊசி அளவுக்கு மெலிசு. திருத்துறைப்பூண்டி நண்பர் ஹெச்12.5-இல் பார்த்து, வளையம் "உடைந்துவிட்டதா" என்று கேட்கிறார். உடையவில்லை, விளிம்பைக் காட்டுகிறது. கொஞ்சம் தள்ளி ஒரு மங்கலான புள்ளி தெரிந்தால் அது டைட்டன், சனியின் நிலா. ஹைகன்ஸ் 1655-இல் கண்டுபிடித்தது, தன் பெயருள்ள ஐபீஸைச் செய்வதற்கு முன்பே.

ப்ளாசல் வாங்குவது பற்றி: வாங்குங்கள். 10 மி.மீ. ஒன்று போதும், 70 மடங்கு. அதற்குக் கீழே இறங்காதீர்கள், கண் வைக்க இடம் இருக்காது. ஹெச்20 சூரியனுக்கு இருக்கட்டும்.

24.11.2025

என்னிடம் இரட்டையாக இருக்கும் நுண்ணோக்கி ஐபீஸ்கள், 10 மடங்கு, 5 மடங்கு, ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமானால் எழுதுங்கள். காசு வேண்டாம், கூரியர் செலவு உங்களுடையது. மழை முழுசாக ஓய்ந்து தை பிறந்த பிறகே அனுப்புவேன், இப்போது அனுப்பினால் டப்பாவுக்குள் பூஞ்சையையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும்.